களத்துமேட்டு ஆங்கிலம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



"மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் விஞ்ஞானியும் இல்லை, கலெக்டரும் இல்லை. அரிசி வியாபாரத்தில் இருப்பவன். ஆனால் வேலைக்குப் போன முதல் பத்து வருஷத்தில் எனக்கு நேர்ந்த இரண்டு பெரிய சறுக்கல்களும் ஒரே காரணத்தால் வந்தவை. ஆங்கிலத்தில் ஒரு யோசனையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். ஷேக்ஸ்பியரில் பக்கம் பக்கமாக ஒப்பிப்பேன். "இதைக் கொஞ்சம் மாத்தலாமா?" என்று மட்டும் கேட்கத் தெரியாது.

எனக்கு ஊர் மண்ணச்சநல்லூர். பேரைச் சொன்னதும் இங்கே பாதிப் பேருக்கு அரிசி ஞாபகம் வந்திருக்கும். என் அப்பா ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதினார். கொள்ளிடம், காவிரி என்று இரண்டு ஆறுகளைத் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காலேஜுக்கு வருவேன். சாயந்திரம் திரும்பிப் போனால், அப்பா வேலை முடித்துக் கிளம்பும் வரைக்கும் மில் களத்து ஓரத்தில் உட்கார்ந்து படிப்பேன். இன்றைய பேச்சின் பாடம் உண்மையில் அந்தக் களத்தில்தான் இருக்கிறது. அது புரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பாதி காய்ந்த நெல்லில் மழை விழுந்தால் வாடை ஏறிவிடும், நிறம் மங்கிவிடும். ஆகவே வடக்கே மேகம் கறுத்தால் களத்து ஆட்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் நெல் அவர்களுடையதா? இல்லை. கூட்டிக் குவித்து படுதா போடு என்று முதலாளிக்கு உத்தரவு போட முடியுமா? முடியாது. களத்து மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "மொதலாளி, மேகம் இருட்டிக்கிட்டு வருதுங்க. நெல்லைக் கூட்டிப்புடலாங்களா?" என்பார்.

இந்த 'கூட்டிப்புடலாங்களா' என்ற ஒற்றைச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'லாம்' என்பது, இது ஒரு வழி, இதைச் செய்ய இடம் இருக்கிறது என்கிறது. 'ங்க' மரியாதை. கடைசியில் வரும் 'ஆ' கேள்வி, அதாவது முடிவு உங்களுடையது. 'நீ', 'நீங்க' என்று யாரையும் சுட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். யோசனை, மரியாதை, கேள்வி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேஸ்திரி நிற்பார். முதலாளி வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு "ம், கூட்டுங்க" என்பார். ஐந்து நிமிஷத்தில் நெல் படுதாவுக்குள் போய்விடும்.

இப்போது இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே 'ங்க' கிடையாது. நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். பாலம் தாண்டும்போது 'ங்க' ஆற்றில் விழுந்துவிடுகிறது. மிச்சம் கரை சேர்வது மொட்டைக் கட்டளை. நாம்தான் 'சார்' போடுகிறோமே என்பீர்கள். "யூ மஸ்ட் சேஞ்ச் இட் சார்" என்றால் அது சல்யூட் அடித்துக்கொண்டே போடும் உத்தரவு, அவ்வளவுதான்.

என் முதல் சறுக்கல் இப்படித்தான். 1995-ஆம் வருஷம். சென்னையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தேன். இங்கிலாந்திலிருந்து கொள்முதல் பார்க்க ஒரு அம்மையார் வந்திருந்தார். பத்து கிலோ பை வேண்டும் என்றார். ஐந்து கிலோ பையாக இருந்தால் அவருக்கும் லாபம், எங்களுக்கும் லாபம். நல்ல யோசனைதான். எழுந்து நின்றேன், தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்தேன். சொன்னேன்: "மேடம், யூ டூ ஒன் திங். யூ சேஞ்ச் த பேக்."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "இஸ் தட் ஆன் இன்ஸ்ட்ரக்‌ஷன்?" என்றார்.

எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. நம் ஊரில் "நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்பதைவிடப் பணிவான ஆரம்பம் உண்டா? பக்கத்து வீட்டு மாமா ஜுரத்துக்குக் கஷாயம் சொல்வதுகூட "நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். அதையே 'யூ டூ ஒன் திங்' என்றால் வாத்தியார் பையனை ஏவுவது மாதிரி அவர் காதில் விழுந்திருக்கிறது. "ஹவ் அபௌட் எ ஃபைவ் கிலோ பேக்?" என்று கேட்டிருக்கலாம். "குட் வி ட்ரை ஃபைவ் கிலோஸ்?" என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. ஆர்டர் வரவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று என் மேலாளர் சமாதானம் சொன்னார். பெரிய மனசு.

இதோடு சேர்ந்த இன்னொரு கண்ணிவெடி 'பெட்டர்'. "ரெஸ்ட் எடுத்தா நல்லது" என்று அன்போடு சொல்வதாக நினைத்துக்கொண்டு "யூ பெட்டர் டேக் ரெஸ்ட்" என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அதில் 'இல்லாட்டிப் பார்த்துக்க' என்ற எச்சரிக்கை சேர்ந்து கேட்கும். "இட் மைட் பி பெட்டர் டு ரெஸ்ட்" என்றால் பிரச்சினை இல்லை. 'சஜெஸ்ட்' பக்கமும் ஜாக்கிரதை. "ஐ சஜெஸ்ட் யூ டு கோ" என்பது இலக்கணப்படியே தப்பு. "ஐ சஜெஸ்ட் வி கோ" என்பதுதான் சரி. 'யூ' இருந்த இடத்தில் 'வி' வந்ததும் பாதி முள் மழுங்கிவிடுவதைப் பாருங்கள். நம் மேஸ்திரி 'நீங்க' போடாமல் விட்டாரே, அதே வேலையைத்தான் இங்கே 'வி' செய்கிறது.

அதற்காக எல்லா இடத்திலும் குழைய வேண்டும் என்று அர்த்தமில்லை. "ஹேவ் சம் மோர் ரைஸ்" என்பது கட்டளைதான், ஆனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாமும் "இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்குங்க" என்று அதட்டித்தானே உபசரிக்கிறோம்? ஜெஃப்ரி லீச் என்ற ஆங்கில மொழியியலாளர் 1983-இல் வெளிவந்த தம் நூலில் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். சொல்வதில் லாபம் கேட்பவருக்கு என்றால் நேராகவே சொல்லலாம். செலவும் சிரமமும் அவர் தலையில் விழும் என்றால் சுற்றிவளைக்க வேண்டும். 'யூ மஸ்ட் கம்' என்று கல்யாணத்துக்கு அழைக்கலாம். 'யூ மஸ்ட் பே' என்று ஆரம்பித்தால் கல்யாணம் நின்றுபோகும்.

நம் மாணவர்களுக்குப் பெருமை தரக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. பணிவாகப் பேசுவது பற்றி உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கும் ஓர் ஆராய்ச்சி, பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் எழுதியது. 1978-இல் நீண்ட கட்டுரையாக வந்து 1987-இல் தனிப் புத்தகமாயிற்று. எல்லா மொழிக்கும் பொதுவான பணிவு விதிகள் உண்டா என்று பார்க்க அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று. ஒன்று ஆங்கிலம். ஒன்று மெக்ஸிகோவில் பழங்குடி மக்கள் பேசும் ட்ஸெல்டால். மூன்றாவது நம் தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் லெவின்சன் தங்கிக் காதால் கேட்ட பேச்சுத் தமிழ்! கொங்கு நாட்டுக் கிராமத்து ஜனங்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்பது கேம்பிரிட்ஜ் வெளியிட்ட புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் மையச் சொல் என்ன தெரியுமா? 'ஃபேஸ்', முகம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டான்', 'முகம் கோணாம அனுப்பிவை' என்றெல்லாம் தினமும் பேசுகிறவர்கள் நாம். எந்த யோசனைக்குள்ளும் 'இது உங்களுக்குத் தோணலையே' என்ற ஒரு சின்னக் குத்தல் ஒளிந்திருக்கிறது. அந்தக் குத்தல் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பணிவு.

சரி, அந்த அம்மையாரிடம் அடிபட்ட பிறகு நான் திருந்தினேன். திருந்தியதுதான் பெரிய தப்பாகிவிட்டது.

1997. வேறொரு நிறுவனம். அங்கே முடிவெடுக்கும் அதிகாரி ஒரு வெளிநாட்டுக்காரர், தொலைவில் வேறொரு ஊரில் இருந்தார். புழுங்கலரிசி மூட்டைகள் கண்டெய்னரில் ஏற வேண்டிய நாள். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் குடோனில் மூட்டை சரிபார்க்கும் பையன் ஓடி வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும், சமயபுரம் பக்கத்துப் பையன். "சார், அடி வரிசை மூட்டை ஈரமா இருக்குங்க. ஏத்தாம நிறுத்திப்புடலாங்களா?" என்றான்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சுவர் ஓரத்து மூட்டைகளில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரிக்கு ஃபேக்ஸ் எழுத உட்கார்ந்தேன். 'யூ டூ ஒன் திங்' ஞாபகம் வந்து கை நடுங்கியது. பணிவாக எழுத வேண்டும், அவர் முகம் கோணக்கூடாது. கடைசியில் நான் அனுப்பியது இது: "ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் பெர்ஹாப்ஸ் சம் ஆஃப் த பேக்ஸ் மைட் பி எ லிட்டில் டேம்ப். ஆஃப் கோர்ஸ் ஐ மே பி ராங்."

அரைமணியில் பதில் வந்தது. "நோட்டட். தேங்க்ஸ். ப்ளீஸ் ப்ரொசீட்." மூட்டைகள் ஏறின.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் கண்டெய்னரைத் திறந்தபோது பூஞ்சணம். விசாரணை நடந்தது. என் ஃபேக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். இதில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது, நீங்களே 'நான் தப்பாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் மூட்டை சரிபார்த்தவன் பொறுப்பு என்று முடிவாகி அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் சொன்னான், நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இரண்டு மாசம் கழித்துத் திறந்தேன். அதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள்.

நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? பையன் தமிழில் சொன்னதை அப்படியே எழுதியிருக்க வேண்டும். "த பாட்டம் ரோ இஸ் வெட். ஷல் வி ஸ்டாப் லோடிங் அன்டில் யூ டிசைட்?" அவன் பேச்சைத் திரும்பக் கேளுங்கள். 'அடி வரிசை ஈரமா இருக்கு' என்பதில் ஒரு 'ங்க' தவிர வேறு எந்தக் குழைவும் இல்லை. ஈரம் என்றால் ஈரம். பணிவு முழுக்க அடுத்த வாக்கியத்தில், 'நிறுத்திப்புடலாங்களா' என்ற யோசனையில் இருக்கிறது. மில் களத்து மேஸ்திரியும் அப்படித்தானே சொன்னார்? 'மேகம் இருட்டிக்கிட்டு வருது' என்றாரே தவிர, 'மேகம் மாதிரி ஏதோ தெரியற மாதிரி இருக்கு, நான் தப்பாகூட இருக்கலாம்' என்றா சொன்னார்? நான் செய்தது நேர்மாறு. யோசனையை எழுதவே இல்லை. உண்மையைப் போய்க் குழைத்துவிட்டேன்.

இது அரிசி மூட்டையோடு போயிற்று. உயிர் போன கதையும் உண்டு. 1990 ஜனவரி 25-ஆம் தேதி கொலம்பியா நாட்டு அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் நியூயார்க்கில் இறங்கவேண்டும். வானிலை மோசம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றவைத்துவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் தாய்மொழி ஸ்பானிஷ். கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசியவர் துணை விமானி. 'எரிபொருள் குறைகிறது' என்றார், 'முன்னுரிமை வேண்டும்' என்றார். 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இறங்க முயன்று முடியாமல் மறுபடி மேலே ஏறியபோது, இன்னும் கொஞ்சம் சுற்றி வரச் சொல்லி, எரிபொருள் அதற்குப் போதும்தானே என்று தரையிலிருந்து கேட்கிறார்கள். அவர் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால், 'அப்படித்தான் நினைக்கிறேன், ரொம்ப நன்றி' என்று வரும். சற்று நேரத்தில் லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு, கீழே இருப்பவர் மேலதிகாரியிடம் ஆபத்தை எப்படிச் சொல்லவேண்டும் என்பதே விமானிகளுக்கு ஒரு பயிற்சியாகிவிட்டது. அந்த 'ரொம்ப நன்றி'யைப் படித்தபோது எனக்கு என் ஃபேக்ஸ்தான் கண்ணில் வந்து நின்றது.

பதில் சொல்வதிலும் நமக்குச் சில இடைஞ்சல்கள் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாம் 'பார்க்கலாம்' என்றால் முக்கால்வாசி 'இல்லை'தான். பொண்ணு பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்று வீடியோவில் வெளிநாட்டுக்காரரிடம் 'வி வில் சீ' என்றால் சிலர் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் சம்மதமாக எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அதோடு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம், அது வேறு. வேண்டாம் என்றால், "தேங்க்ஸ், தட்ஸ் எ குட் தாட்" என்று முதலில் யோசனையை வாங்கிக்கொண்டு, "பட் த டேட் இஸ் எ ப்ராப்ளம். குட் வி டூ இட் நெக்ஸ்ட் மன்த்?" என்று காரணத்தையும் மாற்று வழியையும் சொல்லிவிடுவது நல்லது. ஆங்கிலேயர்களிடமும் ஒரு 'பார்க்கலாம்' இருக்கிறது. "ஹவ் இன்ட்ரஸ்டிங்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பல சமயம் உங்கள் யோசனைக்கு மாலை போட்டாயிற்று.

"வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்று கேட்டால் மரியாதையாக "யெஸ் சார்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். 'ஆமா, எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று சொல்லிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். பதில் "நாட் அட் ஆல்" என்று இருக்கவேண்டும். அதேபோல "டோண்ட் யூ லைக் த ஐடியா?" என்றால் நாம் 'ஆமா, பிடிக்கலை' என்ற கணக்கில் "யெஸ்" என்போம். கேட்டவர் பிடித்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். பிடிக்கவில்லை என்றால் அங்கே "நோ" தான்.

யோசனை சொல்வதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய மனிதர் இருந்தார். வலங்கைமான் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார். 1869-இல் காந்தியடிகளைவிடப் பத்து நாள் முன்னால் பிறந்தவர். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர், ஆங்கிலப் பேச்சில் வெள்ளி நாக்கு என்று பெயர் வாங்கியவர். ஒத்துழையாமை இயக்கத்தில் காந்தியடிகளோடு அவருக்கு அடியோடு கருத்து வேற்றுமை. அதை ஒளிக்கவும் இல்லை, அதனால் நட்பு கெடவும் இல்லை. 1946-இல் சாஸ்திரியார் நோயாய்ப் படுத்திருந்தபோது காந்தியடிகள் சென்னையில் அவரைத் தேடிப்போய்ப் பார்த்தார். காந்தியடிகளின் சத்திய சோதனையை ஆங்கிலத்தில் பெயர்த்த மகாதேவ தேசாய், பின்னால் வந்த பதிப்பில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஆங்கிலப் புலமை மிக்க ஒரு பெரியவர் மொழிபெயர்ப்பு முழுவதையும் திருத்திக் கொடுத்தாராம், தம் பெயரை வெளியிடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. அந்தப் பெரியவர் சாஸ்திரியார்தான் என்று பிற்காலத்தில் பலரும் எழுதினார்கள். ஒரு புத்தகம் முழுக்கத் திருத்தம் சொல்லிவிட்டுப் பேர் வேண்டாம் என்று போனவர். நம்மில் சிலர் ஒரு கமாவைத் திருத்திவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அந்தக் குடோன் பையனைச் சில வருஷம் முன்னால் சமயபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். அவன்தான் என்னைக் கண்டுபிடித்தான். இப்போது சொந்தமாக ஒரு சின்ன வண்டி வைத்து ஓட்டுகிறானாம். "நல்லா இருக்கீங்களா சார்? டீ சாப்பிடலாங்களா?" என்றான். சாப்பிட்டோம். காசை அவன்தான் கொடுத்தான், என்னைக் கொடுக்கவிடவில்லை. 1997 பற்றி நான்தான் பேச்செடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சார்" என்றான்.

மாணவர்கள் யாராவது, இதையெல்லாம் எங்கே பழகுவது என்று கேட்கலாம். விடுதியிலேயே பழகலாம். இன்று ராத்திரி ஒருவர் 'லாமா' போட்டு ஒரு யோசனை சொல்லட்டும், பக்கத்துக் கட்டில்காரர் அதை ஆங்கிலத்தில் சொல்லட்டும். 'யூ' வராமல் சொல்ல வேண்டும் என்று பந்தயம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் வாய்க்கு வந்துவிடும். எனக்குச் சொல்லித்தர அப்போது ஆள் இருந்தது, களத்து மேஸ்திரி. நான்தான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் 'ஷுட்' பற்றியும் 'கைண்ட்லி' பற்றியும் சொல்லலாம் என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் செயலாளர் இப்போதுதான் ஒரு சீட்டு நீட்டினார். வாசித்துவிடுகிறேன். "சார், சாப்பாடு ரெடி. முடிச்சுக்கலாங்களா?"

நாட் அட் ஆல் சார். முடிச்சுக்கலாம்.